தண்ணீருக்கு நற்சான்றிதழ்

தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று படித்ததும் சகின் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

தாளில் எழுத்துகள் தெளிவாகத்தான் இருந்தன. ஈயம்: இல்லை. ஆர்செனிக்: இல்லை. ஆன்டிமனி: இல்லை. கீழே தலைநகர் பிஷ்கெக் ஆய்வகத்தின் நீல முத்திரை. முத்திரைக்குப் பக்கத்தில் யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இப்படிப்பட்ட தண்ணீர் குடிக்கும் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.'

"என்ன போட்டிருக்கு?" என்று மாவு பிசைந்த கையோடு வந்தாள் மனைவி கலிபா.

"சுத்தமா இருக்காம்."

"எது?"

"நம்ம தண்ணி."

கலிபா முழங்கையால் குழாயைத் திறந்தாள். குழாய் இரண்டு முறை இருமியது. பிறகு பால் விடாத டீ மாதிரி ஒரு நிறத்தில் தண்ணீர் வந்தது. இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இதுவா?"

"இதுதான்."

சாரி-குதுக்கில் சுரங்கத்தை மூடி முப்பது வருஷம் ஆகிறது. ஆட்கள் போய்விட்டார்கள், ரயில் நின்றுவிட்டது. கழிவுமண் மேடும் அதற்கு அடியில் ஓடும் குழாயும் மட்டும் எங்கேயும் போகவில்லை. வசந்த காலத்தில் மாவட்ட மருத்துவமனையில் சகினின் நாலு வயது மகள் அய்சல்கினின் ரத்தத்தைச் சோதித்த டாக்டர், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஈயம் ஏறியிருக்கு. குழாய்த் தண்ணிய நிறுத்துங்க. முடிஞ்சா ஊரையே மாத்துங்க" என்றார். ஊரை மாற்ற முடியாது. அதனால் சகின் தினமும் மலை ஊற்றுக்கு ஏறி, இருபது லிட்டர் கேனை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினான். பகலில் பாலர் பள்ளிக்கு நீர்வாரிய லாரி வாரம் இருமுறை ஊற்று நீர் கொண்டுபோய்க் கொடுத்தது. நவம்பரில் பனி விழுந்தால் மலைப்பாதை மூடிவிடும். அப்புறம் ஏப்ரல் வரை மகளுக்குக் குழாய்தான்.

ஒரே ஒரு வழி இருந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு நிதி, இரண்டு ஊர்களில் ஒன்றுக்கு மலையிலிருந்து புதுக் குழாய் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தது. சாரி-குதுக், இல்லாவிட்டால் கீழே இருக்கும் தாஷ்-கெச்சூ. தண்ணீரில் ஈயம் இருக்கிறது என்று பிஷ்கெக் ஆய்வகம் சான்றிதழ் தர வேண்டும். அதற்கான தண்ணீரை அக்டோபர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வகத்தில் கொடுத்துவிட வேண்டும். தாஷ்-கெச்சூக்காரர்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். அவர்கள் தண்ணீரில் இல்லாத உலோகமே இல்லையாம். கொடுத்துவைத்தவர்கள்.

சாரி-குதுக் நீர்வாரியத்தின் ஆய்வாளன் சகின்தான். அவனுடைய ஆய்வகம் என்பது ஓர் அலமாரி, ஒரு தராசு, பதினைந்து வருஷமாக விளக்கு எரியாத ஒரு கருவி. தன் ஊர்த் தண்ணீர் விஷமாக இருக்க வேண்டும் என்று மனமுருக வேண்டிக்கொள்ளும் ஒரே நீர்வாரிய ஊழியன் உலகத்திலேயே தானாகத்தான் இருக்கும் என்று மலை ஏறும்போது சில சமயம் அவனுக்குத் தோன்றும். அப்போது தூரத்துப் பனிச் சிகரங்கள்கூடத் தன்னைப் பார்த்துச் சிரிப்பது போலிருக்கும்.

முதல் தடவை விதிமுறைப்படிதான் செய்தான். இரவு முழுக்கக் குழாயைத் திறக்கக் கூடாது. விடிந்ததும் முதலில் வரும் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். ஆறு தெருவில் ஆறு வீடுகளுக்கு ஆளுக்கொரு பாட்டில் கொடுத்திருந்தான். சான்றிதழைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு முதல் வீட்டுக்குப் போனான். சாய்ராகுல் எஜே வாசலில் பாதாமி காயவைத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அக்கா வயசு, ஊருக்கே அக்கா.

"எஜே, அந்த பாட்டில்ல நீங்க குழாய்லேருந்துதானே பிடிச்சீங்க?"

"எந்தக் குழாய்?"

"உங்க வீட்டுக் குழாய்."

"ஏண்டா சகின், நீ படிச்சவன்தானே? பிஷ்கெக்குக்குப் போற தண்ணிய இந்தக் குழாய்லயா பிடிப்பேன்? அங்க கண்ணாடி டம்ளர்ல ஊத்தி வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பாங்க. சாரி-குதுக்காரி அழுக்குத் தண்ணி அனுப்பிட்டான்னு பேச மாட்டாங்க? வெட்கக்கேடு! இந்த முழங்கால் வலியோட ஊத்துக்கு ஏறிப் பிடிச்சேன்."

"அழுக்கா இருக்கான்னு பார்க்கத்தான் எஜே கேட்டதே!"

"அழுக்குன்னு நமக்கே தெரியுமே. அதை எதுக்கு வெளியாளுக்குக் காட்டணும்? விருந்தாளி முன்னாடி கிழிஞ்ச மெத்தைய விரிப்பியா நீ?"

மற்ற ஐந்து வீடுகளிலும் இதே கதைதான். ஒருத்தர் மட்டும் மேலே ஏற முடியாததால், கடையில் புட்டித் தண்ணீர் வாங்கி ஊற்றியிருந்தார். அதற்கு அவர் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது தடவை யாரையும் நம்பக் கூடாது என்று சகின் முடிவு செய்தான். "நாளைக்கு விடியக்காலை நானே வந்து பிடிச்சுக்கறேன். அதுவரைக்கும் குழாயைத் தொடாதீங்க" என்று ஆறு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தான். வருகிறேன் என்று சொன்னதுதான் தப்பு.

விடியலில் சாய்ராகுல் எஜே வீட்டுக் கதவைத் தட்டினால், உள்ளே மேஜை விரித்துக் கிடக்கிறது. ரொட்டி, வெண்ணெய், செர்ரி ஜாம், அப்போது பொரித்தெடுத்த பூர்சோக் மாவுருண்டைகள். நடுவில் ஆவி பறக்கும் கெட்டில்.

"எஜே, இந்த டீக்குத் தண்ணி..."

"குழாய்த் தண்ணிதான்டா. நீதானே ஊத்துத் தண்ணி வேண்டாம்னே?"

"குழாயைத் தொடாதீங்கன்னு சொன்னேனே!"

"ஒருத்தன் விடியக்காலையில வீட்டுக்கு வர்றான், கெட்டில் வைக்காம இருப்பேனா? உட்காரு. ரொட்டியத் தொடாமப் போனா அந்தப் பாவம் என்னைத்தான் சேரும்."

உட்கார்ந்தான். ஆறு வீட்டிலும் உட்கார்ந்தான். ஆறாவது வீட்டிலிருந்து வெளியே வந்தபோது அவன் வயிறு தோல்பை மாதிரி தளும்பியது. இரவெல்லாம் குழாயில் ஊறிக் கிடந்த ஈயம் முழுவதையும் ஆறு கெட்டில்கள் வழியாக அவனே குடித்திருந்தான். மிச்சத்தில் கொஞ்சமாவது இருக்காதா என்ற ஆசையில், அடுத்து வந்ததைப் பாட்டில்களில் பிடித்துப் பெட்டியில் அடுக்கினான்.

பெட்டி டொக்தோசுன் வண்டியில் போயிற்று. பிஷ்கெக்குக்கு எது போனாலும் டொக்தோசுன் வண்டியில்தான் போகும். பதினொரு மணி நேரப் பயணம், நடுவில் கணவாய். மருந்துச் சீட்டு, ஆட்டுத் தொடை, வீட்டுச் சாவி, பெண் பார்க்க அனுப்பும் புகைப்படம் என்று எல்லாவற்றுக்கும் அவன் ஒரு கூலி வைத்திருந்தான். தண்ணீருக்கு மட்டும் வாங்க மாட்டான்.

"தண்ணிக்குக் கூலியா? பாவம் பாய்கே" என்பான். சகினை அவன் அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவான். "எத்தனை பாட்டில்? ஆறா? நல்லது, நல்லது. இன்னும் ரெண்டு வேணும்னாலும் வைங்க. என் கஷ்டத்தைக் கேளுங்க. மச்சினன் கல்யாணத்துக்குக் குதிரை கேக்கறான். டயர் ரெண்டும் வழுக்கை. போன வாரந்தான் ரேடியேட்டர் மாத்தினேன், மறுபடி ஒழுகுது."

சகின் தலையாட்டினான். ஊரில் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாவது சான்றிதழில் பேனாக்காரர் இன்னும் நெகிழ்ந்திருந்தார்: 'உருகும் பனிமலையின் நீருக்கு இணை.'

அந்தச் சான்றிதழ் முதலில் நீர்வாரியத் தலைவர் கதிராலி மாமிரோவிச் கையில் சிக்கியது. அவர் முதல் தாளையும் வாங்கி, இரண்டுக்கும் கண்ணாடிச் சட்டம் போட்டு, அலுவலக வாசலில் மாட்டினார்.

"கதிராலி மாமிரோவிச், இது தப்பான முடிவுங்க."

"ரெண்டு தடவை வந்திருக்கே?"

"ரெண்டு தடவையும் தப்புங்க. தண்ணியப் பாருங்க!"

"சகின், நீ சின்னப் பையனா இருந்தப்போலேருந்து உன்னைப் பார்க்கறேன். யாராவது பாராட்டினா உனக்கு உடம்பு அரிக்கும். முப்பது வருஷமா இந்த ஊருக்கு மேலேருந்து ஒரு நல்ல காகிதம் வந்ததில்ல. வந்ததைக் கும்பிட்டு வாங்கிக்க."

மூன்றாவது தடவை வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை. தன் வீட்டுக் குழாயை மாலையிலேயே கலிபாவின் தலைக்குட்டையால் இறுக்கிக் கட்டினான். இரவு தாகம் எடுத்தவர்கள் எச்சிலை விழுங்கிப் படுத்தார்கள். விடிந்ததும் முடிச்சை அவிழ்த்து, இருமிக்கொண்டே வந்த முதல் தண்ணீரை ஆறு பாட்டிலிலும் அவனே பிடித்தான். கள்ளிப்பெட்டியில் அடுக்கி, டொக்தோசுனிடம் கையோடு கொடுத்துவிட வேண்டும் என்று போனால், அவன் அன்று வரவில்லை. ரேடியேட்டர் மாற்றப் போயிருந்தான். பெட்டி ஓர் இரவு நீர்வாரிய அலுவலகத்தில் தங்கி, மறுநாள் கிளம்பியது.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. ஈயம்: இல்லை. பேனாக்காரர் இந்தத் தடவை ஒரே சொல்தான் எழுதியிருந்தார்: 'கண்ணீர்!' அத்தனை தெளிவு என்று அர்த்தம்.

இதற்கு ஒரு காரணமும் இல்லை. வெட்கம் இல்லை, டீ இல்லை, யார் கையும் இல்லை. தானே பிடித்த தண்ணீர். சகினுக்குத் தன் கைகள் மேலேயே சந்தேகம் வந்தது. பிறகு கண்கள் மேல். குழாயைத் திறந்து பார்த்தான். பழுப்பாகத் தெரிந்தது. அது அவனுக்கு மட்டும்தான் பழுப்பாகத் தெரிகிறதோ? பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"என்ன கலர்ல தெரியுது உனக்கு?"

"சுத்தமான கலர்" என்றான் அவன், அலுவலக வாசலைப் பார்த்துவிட்டு வந்தவன்.

கதிராலி மாமிரோவிச் சும்மா இருக்கவில்லை. சதுக்கத்தில் ஒரு துணிப் பதாகை ஏறியது: 'நாட்டிலேயே தூய நீர் – சாரி-குதுக்!' மாவட்டத்திலிருந்து யாரோ வந்து கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். குதிரை அறுத்து விருந்து நடந்தது. விருந்து முடிந்த மறுநாள், பாலர் பள்ளிக்குப் போகும் ஊற்று நீர் லாரி நிறுத்தப்பட்டது. தங்கமான தண்ணீர் குழாயில் வரும்போது எதற்கு வீணாக டீசல்?

அன்று மாலை அய்சல்கின் பள்ளியிலிருந்து வந்து, "அப்பா, இன்னிக்கு எங்களுக்கு டீ கலர்ல தண்ணி குடுத்தாங்க. சர்க்கரையே போடல" என்றாள்.

இரவுச் சாப்பாடு முடிந்து பிள்ளை தூங்கியதும் கலிபா அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"அய்சல்கின் அப்பா, ஒண்ணு கேக்கறேன். தண்ணி நல்லதுன்னா, பிள்ளை ரத்தத்துல இருக்கறது எங்கேருந்து வந்துச்சு?"

அந்தக் கேள்வி சகினின் மூளையில் ஒரு திருகாணி போல இறங்கியது. தண்ணீர் குற்றவாளி இல்லையென்றால் வேறு எதுவோ குற்றவாளி. விடிந்ததும் வீட்டைச் சலித்தான். சிவப்புப் பூச்சுத் தொட்டில் வெளியே போயிற்று. பூப்போட்ட கிண்ணங்கள் போயின. ஜன்னல் சட்டத்தைச் சுரண்டினான். பாதியில் கண்ணாடி விழுந்து உடைந்தது. கடைசியில் அவன் பார்வை டீக்கு வெந்நீர் காய்ச்சும் சமோவாரின் மேல் விழுந்தது. அடியில் ஒரு பற்றுவைப்பு. பற்றுவைத்த இடத்தில் மங்கலாக ஏதோ ஓர் உலோகம்.

பழைய இரும்புக்காரன் வண்டி அந்த நேரம் பார்த்துத்தான் தெருவில் வர வேண்டுமா? சமோவார் அதில் ஏறிப் போயிற்று.

"எங்க அம்மா கொடுத்த சீதனம் அது" என்றாள் கலிபா. சத்தமே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பெட்டியை எடுத்தாள். அய்சல்கினுக்குக் கம்பளிச் சட்டை மாட்டினாள்.

"எங்க போறே?"

"அம்மா வீட்டுக்கு."

"தாஷ்-கெச்சூவுக்கா? அங்க தண்ணி இதைவிட மோசம்னு சான்றிதழே இருக்கு!"

"இருக்கட்டும். அங்க தண்ணியும் காகிதமும் ஒரே பேச்சு பேசுது. அங்க கொதிக்க வெச்சுப் பிரயோஜனம் இல்லேன்னு எல்லாருக்கும் தெரியும், ஊத்துக்கு வண்டி விடறாங்க. இங்க நான் காகிதத்த நம்பவா, கண்ண நம்பவா, உங்கள நம்பவா?"

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். உடைந்த ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. மலை உச்சியில் அந்த வருஷத்தின் முதல் வெள்ளைக் கோடு தெரிந்தது.

வீட்டில் தனியாக மூன்று நாள் உட்கார்ந்து யோசித்தபோதுதான் அந்த ஓர் இரவு நினைவுக்கு வந்தது. பெட்டி நீர்வாரிய அலுவலகத்தில் தங்கிய இரவு. அந்த அறையின் சாவி யாரிடம் இருந்தது? கதிராலி மாமிரோவிச்சிடம்! முதல் இரண்டு தடவையும்கூடப் பெட்டி அலுவலகத்து வாசலிலிருந்துதானே ஏறியது?

நாலாவது தடவை பாட்டில்களுக்கு முத்திரை வைப்பது என்று முடிவு செய்தான். எவன் தொட்டாலும் தெரிய வேண்டும். நீர்வாரியக் கிடங்கில் தண்ணீர் மீட்டர்களுக்கு வைக்கும் முத்திரைகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் கம்பியைச் சுற்றி, முத்திரையைக் கோர்த்து, இடுக்கியால் நசுக்கினான். ஆறு முத்திரைகளும் ஆறு சின்னப் பதக்கங்கள் போலத் தொங்கின. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

இந்தத் தடவை பதில் தபாலில் வரவில்லை. ஆய்வகத்திலிருந்து ஒரு பெண்மணி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"பாட்டில் கழுத்துல என்னமோ தொங்குதே, அது என்னங்க?"

"முத்திரைங்க. யாரும் திறக்கக் கூடாதுன்னு."

"எதுல செஞ்சது?"

சகின் மேஜைமேல் மிச்சமிருந்த முத்திரை ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தான்.

"ஈயந்தானே? ஈயம் இருக்கான்னு பார்க்க அனுப்பற தண்ணிக்கு ஈயத்தையே தாலி மாதிரி கட்டி அனுப்பியிருக்கீங்களே! விதிப்படி வாங்க முடியாது. எல்லாத்தையும் கீழ ஊத்திட்டோம்."

"கீழ... எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஆனா ஒண்ணு சொல்லணும். சான்றிதழ்ல பேனாவால எழுதறது நான்தான். முன்னாடி வந்ததெல்லாம் கண்ணீர் மாதிரி இருந்துச்சு. இது டீ மாதிரி இருந்துச்சு. என்ன ஆச்சு உங்க ஊருக்கு?"

முத்திரை வைத்தால் டீ. வைக்காவிட்டால் கண்ணீர். சகின் அலுவலகத்துக்கு ஓடினான். தூய நீர்ப் பதாகைக்குக் கீழே, நாலு பேர் பார்க்க, தலைவரின் கோட்டைப் பிடித்தான்.

"என் பாட்டில் தண்ணிய மாத்தினது நீங்கதானே?"

கதிராலி மாமிரோவிச்சுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் கோட்டின் பொத்தானைக் கழற்றினார்.

"மாத்தணும்னா ஊத்துத் தண்ணி வேணும். ஊத்துத் தண்ணி வேணும்னா மலையேறணும். இதப் பாரு" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார். "இது மலையேறுமா? பத்து வருஷமா நான் மாடிப்படியே ஏறினதில்ல. என் ஆபீஸைக் கீழ் அறைக்கு மாத்தினதே இதுக்காகத்தான்!"

சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சாய்ராகுல் எஜேகூட, "அது உண்மைதான் சகின்" என்றாள். சாயந்தரத்துக்குள் வேலைநீக்க உத்தரவு வந்தது. ஊர்ப் பெயரைக் கெடுக்க முயன்றது, அரசாங்க ஈயத்தை வீணாக்கியது என்று இரண்டு காரணங்கள் காட்டியிருந்தது.

கடைசி வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள்.

வியாழக்கிழமை கலிபாவுக்குப் போன் செய்தான். எடுத்தது அய்சல்கின்.

"அப்பா, நம்ம தண்ணி கெட்டதா ஆயிடுச்சா?"

"இன்னும் ஆகலம்மா."

"எப்ப ஆகும்? எனக்கு வீட்டுக்கு வரணும்."

"நாளைக்கு ஆயிடும். அப்பா நானே கொண்டுபோறேன்" என்றான். சொல்லி முடித்த பிறகுதான் அப்படி ஒரு வழி இருப்பதே அவனுக்கு உறைத்தது. ஊரில் யாரும் எதையும் தானே பிஷ்கெக்குக்குக் கொண்டுபோனதில்லை. அதற்குத்தான் டொக்தோசுன் இருக்கிறானே.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் தலைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, முதல் தண்ணீரைப் பிடித்தான். ஆறு பாட்டில். முத்திரை இல்லை, கம்பி இல்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டொக்தோசுன் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்தான். பின்சீட்டில் ஆள் இல்லை. ஒரு ஆட்டுத் தொடையும் யாருக்கோ போகும் ஒரு தையல் இயந்திரமும் இருந்தன.

"பெட்டிய டிக்கியில வைக்கலாமே பாய்கே."

"மடியிலயே இருக்கட்டும்."

"கால் மரத்துப் போகும்."

"போகட்டும்."

டொக்தோசுன் தோளைக் குலுக்கிக்கொண்டான். வழியெல்லாம் பேசினான். மச்சினனுக்குக் குதிரை வாங்கியாயிற்று, அது கடிக்கிறது. டயர் மாற்றியாயிற்று. சகின் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. கொடுமையான ஒரு யோசனை அவனைத் தின்றுகொண்டிருந்தது. இதுவும் சுத்தமாக இருந்துவிட்டால்? மடியில் இருக்கிற, தானே பிடித்த, கண்ணை எடுக்காமல் காவல் காக்கிற இந்தத் தண்ணீரும் கண்ணீராகிவிட்டால்? அப்படியானால் உலகத்தில் அவன் ஒருவனுடைய கண்ணில்தான் துரு பிடித்திருக்க வேண்டும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பெட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தான். பழுப்பு. இன்னும் பழுப்பு. கடவுள் இருக்கிறார்.

கணவாயின் பாதி ஏற்றத்தில் வண்டி விசில் அடித்தது. முன்பக்கத்திலிருந்து வெள்ளை ஆவி பொங்கிக் கண்ணாடியை மறைத்தது. டொக்தோசுன் பதறாமல் ஓரங்கட்டினான். இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கிக் கம்பு கொடுத்தான். பிறகு, காலையில் எழுந்ததும் செருப்பைத் தேடும் மனுஷன் போலப் பழக்கத்தில் நேரே பின்னால் போய் டிக்கியைத் திறந்தான். பார்த்தான். தலையைச் சொறிந்தான். முன்னால் வந்து சகினின் ஜன்னலைத் தட்டினான்.

"பாய்கே, பெட்டியக் குடுங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? வண்டிக்குத் தாகம்."

சகினுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு தரையில் கொட்டின எண்ணெய் மாதிரி மெதுவாக, எல்லாப் பக்கமும் விளங்க ஆரம்பித்தது.

"டொக்தோ... நீ இதுக்கு முன்னாடியும்..."

"எப்பவும் இங்கதானே கொதிக்கும்."

"தனியா ஒரு கேன்ல தண்ணி வெச்சுக்க மாட்டியா?"

"முன்ன வெச்சிருந்தேன். நீங்கதான் அனுப்ப ஆரம்பிச்சுட்டீங்களே, ரெண்டு பேரும் எதுக்குத் தூக்கணும்?"

"என் பாட்டில்... வெறும் பாட்டிலக் கொண்டுபோய்..."

டொக்தோசுனுக்கு நிஜமாகவே முகம் சிவந்துவிட்டது.

"வெறும் பாட்டிலையா கொண்டுபோய்க் குடுப்பேன்? என்னைப் பத்தி என்ன நினைச்சுட்டீங்க! ஒருத்தர் நம்பிக் கொடுத்த பொருள். அதோ, அந்த மேல் வளைவுல ஊத்து இருக்கு. வண்டிய அங்க நிறுத்தி, ஆறையும் நல்லா அலசி, கழுத்து வரைக்கும் நிரப்பி, மூடித் தொடைச்சு வெச்சுடுவேன். ஒரு சொட்டு குறைஞ்சுதுன்னு அந்த ஆய்வகத்துப் பொம்பள எப்பவாவது சொல்லியிருக்காளா? போன தடவை மட்டும் கம்பியும் ஈயமும் போட்டு இறுக்கியிருந்தீங்க. அடுத்தவர் முத்திரைய உடைக்கக் கூடாதுன்னு தொடவே இல்ல. தொப்பிய எடுத்துக்கிட்டு ஊத்துக்கும் வண்டிக்கும் எட்டு நடை நடந்தேன்."

சகின் பெட்டியோடு இறங்கினான். சாலையோரக் கல்லின் மேல் உட்கார்ந்தான். சாய்ராகுல் எஜேயின் முழங்கால், ஆறு கெட்டில் டீ, சமோவார், உடைந்த ஜன்னல், கதிராலி மாமிரோவிச்சின் வயிறு எல்லாம் வரிசையாக அவன் முன்னால் வந்து நின்று, கலைந்து போயின. நிஜமான தண்ணீர் ஒரே ஒரு தடவைதான் பிஷ்கெக் போயிருக்கிறது. அதைத்தான் கீழே ஊற்றிவிட்டார்கள்.

"உயரத்துல சிலருக்கு இப்படித்தான் மயக்கமா வரும்" என்று சொல்லி டொக்தோசுன் பையிலிருந்து ஓர் உப்புத் தயிர் உருண்டையை எடுத்து அவன் கையில் வைத்தான். "குருத் சாப்பிடுங்க, சரியாயிடும்."

சகின் மணியைப் பார்த்தான். பதினொன்று இருபது. ஐந்து மணிக்கு ஆய்வகம் மூடிவிடும். குருத்தை வாயில் போட்டுக்கொண்டான். டொக்தோசுனின் தலையிலிருந்து உயரமான வெள்ளைக் கம்பளித் தொப்பியை எடுத்தான். பெட்டியை ஒரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொப்பியை மறுகையில் பிடித்துக்கொண்டு, மேல் வளைவை நோக்கி ஏற ஆரம்பித்தான்.

"பெட்டிய ஏன் தூக்கிட்டுப் போறீங்க? நான் பார்த்துக்க மாட்டேனா?"

சகின் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு வாங்கியது. பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. பின்னால் ஆவி அடங்கும் சத்தமும், டொக்தோசுன் பானெட்டுக்குள் தலையை விட்டு எதையோ தட்டும் சத்தமும் கேட்டன. பிறகு அவன் கைகளைக் குவித்துக் கத்தினான்:

"பாய்கே! கோச்சுக்காதீங்க, ஆய்வெல்லாம் பண்றீங்களேன்னு சொல்றேன். நம்ம ஊர்த் தண்ணி சரியில்ல! உங்க ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ரேடியேட்டரத் தின்னிருக்கு!"